பேரிக்காய்த் தக்காளிக்குப் பந்தல் போடுங்கள்

முதல் வருஷம் மஞ்சள் பேரித் தக்காளி வைத்தபோது பைக்கு ஒரு மூன்றடிக் குச்சிதான் ஊன்றினேன். நாட்டுத் தக்காளிக்கு அது போதுமே, இதற்கும் போதும் என்ற நினைப்பு. இரண்டரை மாதத்தில் அது குச்சியைத் தாண்டி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது. ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலாக ஒரு கைப்பிடி பழத்தை நீட்டினார். "உங்க வீட்டுத் தக்காளி எங்க வீட்டுக் கொடியில காய்க்குது தம்பி" என்றார். அவர் சொன்னது துணி காயப்போடும் கொடியை. எனக்கு உறைத்ததோ வேறு. இவ்வளவு நாளாக ஒரு கொடியைச் செடி என்று நினைத்து வளர்த்திருக்கிறேன்.

புதிதாக இந்த ரகத்தை வைப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். பழம் கட்டைவிரல் அளவு. அதனால் செடியும் சின்னதாக இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். பாகலுக்கும் புடலைக்கும் எப்படி முதலிலேயே இடம் பார்த்து வைப்போமோ, அப்படி இதற்கும் பார்த்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. நான் இருப்பது சென்னையில், வளர்ப்பது மாடியில், பைகளில். அந்த அனுபவத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். தரையில் வைப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம்.

எந்த ரகம்?

பேரிக்காய் வடிவம் என்றால் காம்புப் பக்கம் கழுத்துப் போலக் குறுகி, அடி உருண்டு இருக்க வேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகள் இதை 'பல்பு தக்காளி' என்கிறார்கள். சரியான பெயர்தான். சந்தையில் பெங்களூர்த் தக்காளி என்று விற்கும் நீள்வட்டக் காய் இந்தக் கணக்கில் வராது. இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்து சான் மார்சானோவும் வராது, அது நீள வாக்கில் வளரும் சாஸ் தக்காளி. ரோமாவும் அப்படித்தான். ஆனால் ரோமா குத்துச்செடியாக நிற்கும். பந்தலுக்கு இடமே இல்லை, நீளமான தக்காளி ஏதாவது ஒன்று வேண்டும் என்பவர்கள் ரோமாவை வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது மஞ்சள் பேரி. விதை உறையில் 'யெல்லோ பியர்' என்று இருக்கும். இருநூறு வருஷத்துக்கும் மேலாகப் புழக்கத்தில் உள்ள பழைய ரகம். ஒரு பழம் நாலைந்து சென்டிமீட்டர் நீளம், 15 முதல் 20 கிராம் எடை. கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தள்ளும். சிவப்புப் பேரி இதற்குத் தம்பி மாதிரி. கொஞ்சம் புளிப்புக் கூடுதல். பெரிய பழம் வேண்டுமென்றால் 'ஜாப்பனீஸ் பிளாக் டிரிஃபெலி' என்று ஒன்று இருக்கிறது. பெயரில்தான் ஜப்பான், பேர் வாங்கியதெல்லாம் ரஷ்யப் பக்கத்தில். உருளைக்கிழங்குச் செடி போன்ற அகல இலை, பழுப்பும் கருஞ்சிவப்பும் கலந்த நிறம், நல்ல ருசி. ஆனால் சென்னை வெயிலில் என்னிடம் இரண்டு செடி சேர்ந்து கொடுத்தது ஒன்பது பழம். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டில் இருப்பவர்கள் அதை முயன்று பார்க்கலாம். சமவெளியில் முதல் தடவை வைப்பவர்கள் சின்னப் பேரியோடு தொடங்குங்கள்.

ருசியைப் பற்றியும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் பேரியின் ருசி சுமார்தான். மென்மையான இனிப்பு, புளிப்பு குறைவு. ரசம் வைத்தால் புளியைக் கூட்டித்தான் ஆக வேண்டும். அழகுக்கும், விளைச்சலுக்கும், பிள்ளைகள் பறித்த கையோடு வாயில் போட்டுக்கொள்வதற்கும்தான் இது. ரசத்துக்குப் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 என்ற தக்காளி ரகத்தை ஒரு பை தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

விதை வாங்கும்போது

இது கலப்பின விதை கிடையாது. விதையெடுத்துத் திரும்ப விதைத்தால் அதே காய்தான் வரும். அதனால் ஒருமுறை நல்ல விதை கையில் கிடைத்தால் போதும், பிறகு வாங்க வேண்டியதே இல்லை. விதைத் திருவிழாக்களிலும் மாடித்தோட்ட நண்பர்களிடமும் கேட்டுப் பாருங்கள். வைத்து, காய்த்துப் பார்த்தவர் கையிலிருந்து வாங்குவது உறையில் வாங்குவதைவிட மேல்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒருமுறை இணையத்தில் வாங்கிய விதையில் ஆறு செடி வளர்த்தேன். நான்கு சரியாகக் காய்த்தன. இரண்டில் சிவப்பாக, உருண்டையாக, ஏதோ நடுத்தரமான ஒரு தக்காளி வந்தது. மூன்று மாத உழைப்பு. ஆனால் அது ஏமாற்று வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. தக்காளியைப் பேரிக்காய் வடிவத்துக்குக் கொண்டுவருவது 'ஓவேட்' என்ற ஒரு மரபணு செயலிழந்து போவதுதான் என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக் குழு 2002-ல் கண்டுபிடித்தது. அந்த மரபணு வேலை செய்தால் காய் நீளாமல் அடக்கி வைக்கும். வேலை செய்யாவிட்டால் கழுத்து நீளும். தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் செயலிழந்த மரபணு வந்தால்தான் பேரி வடிவம் கிடைக்கும். மஞ்சள் நிறத்துக்கும் இதே விதிதான். ஆக, விதை எடுத்தவர் தோட்டத்தில் பக்கத்திலேயே உருண்டைச் சிவப்புத் தக்காளி இருந்து, அதன் மகரந்தம் ஒரு பூவில் ஏறிவிட்டால், அந்தப் பூவின் விதையில் வருவது சிவப்பு உருண்டைதான். அதன் விதையைத் திரும்பப் போட்டால் ஏறக்குறைய 16 செடிக்கு ஒன்றில்தான் மஞ்சள் பேரி மறுபடி தலைகாட்டும். அந்தச் சூதாட்டம் வேண்டாம். கலந்த செடியின் பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, விதையை விட்டுவிடுங்கள்.

எப்போது விதைப்பது?

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது கோவை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கு இந்தத் தக்காளி விஷயத்திலும் பொருந்தும். சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் நான் ஆடியில் போடுவதில்லை. ஆடியில் விதைத்தால் காய் பழுக்கிற நேரம் ஐப்பசி மழை வந்து நிற்கும். இந்தப் பழத்தின் தோல் மெல்லியது. ஒரு ராத்திரி மழைக்குக் காலையில் பார்த்தால் காம்பைச் சுற்றி வாய் பிளந்து நிற்கும்.

என் கணக்கு இது. ஐப்பசி முதல் வாரம், மழை படாத இடத்தில் விதைப்பு. கார்த்திகையில் பைக்கு மாற்றுவது. நட்டதிலிருந்து 75, 80 நாளில் முதல் பழம், அதாவது பொங்கல் முடிந்து இரண்டு மூன்று வாரத்தில். பங்குனி கடைசி வரை அறுவடை. தக்காளிப் பூ காயாக நிற்பதற்கு இரவு குளிர்ந்திருக்க வேண்டும். இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேலேயே நின்றால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ காம்போடு உதிரும். சென்னையில் மார்கழி, தை, மாசிதான் அதற்குத் தோதான மாதங்கள். அந்த மூன்று மாதமும் செடி பூவோடு இருக்கும்படி பின்னோக்கி எண்ணி விதைப்பதுதான் சூட்சுமம்.

நாற்று

விதைக்குழித் தட்டில் பாதி தென்னைநார்க் கழிவு, பாதி மண்புழு உரம். குழிக்கு ஒரு விதை, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம். ஐந்திலிருந்து எட்டு நாளில் முளைக்கும். முளைத்த அன்றே நல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். நிழலில் வைத்தால் நூல் மாதிரி நீண்டு சாயும்.

நாற்றுப் பருவத்தில் ஒரே ஒரு காரியத்தில் மட்டும் சோம்பல் கூடாது. தட்டின் மேல் நெருக்கமான நைலான் வலை போட்டு மூடுங்கள். வெள்ளை ஈ உட்கார்ந்து இலைச்சுருட்டை வைரஸை ஏற்றுவது பெரும்பாலும் இந்த இளம் வயதில்தான். இப்போது பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்‌ஷக் போன்ற கலப்பினங்களுக்கு அந்த வைரஸைத் தாங்கும் சக்தியை ஊட்டியிருக்கிறார்கள். நம் மஞ்சள் பேரிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கொசுவலைத் துணி கொஞ்சம் கண் பெரிதுதான். வேறு வழியில்லை என்றால் இரண்டாக மடித்துப் போடுங்கள். வாசல் கதவில் மாட்டி மிச்சமான துண்டுதான் என் முதல் வலை.

பையும் மண்ணும்

12-க்கு 12 அங்குலப் பை வேண்டாம். நட்ட புதிதில் தாராளமாகத் தெரியும். மாசி வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்து கொடி துவண்டு நிற்கும். குறைந்தது 15-க்கு 15. பைக்கு ஒரு செடி, அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். நனைந்த மண்ணோடு ஒரு பை 30 கிலோவைத் தாண்டும், ஆகவே தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரோரமாக வரிசையாக வையுங்கள். பைக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுத்தால் தளமும் ஊறாது.

கலவை: செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. கட்டியாக வரும் தென்னைநார்க் கழிவை ஊறவைத்து, காப்பித் தண்ணீர் போல இறங்கும் சாற்றைக் கொட்டிவிட்டு, மறுபடி ஒருமுறை அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். அதில் இருக்கும் உப்பு இளம் வேரைச் சுட்டுவிடும். பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, ஒரு ஸ்பூன் டிரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சைப் பொடி). எல்லாம் கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, பத்து நாள் அப்படியே கிடக்கட்டும். அவசரப்பட்டு அன்றே நட்டால் புண்ணாக்கு மக்கும் சூட்டில் நாற்று வாடும்.

நாற்றுக்கு நாலைந்து இலை வந்து, தண்டு பென்சில் பருமனில் பாதியாவது ஆனதும் சாயங்காலமாகப் பார்த்து நடுங்கள். கீழ் இலை இரண்டைக் கிள்ளிவிட்டு, தண்டை அந்தக் கணு வரை மண்ணுக்குள் இறக்கலாம். தக்காளித் தண்டு மண்ணில் பட்ட இடமெல்லாம் வேர் விடும். கத்திரிக்கும் மிளகாய்க்கும் நான் இப்படிச் செய்ய மாட்டேன்; தக்காளிக்குத் தாராளமாகச் செய்யலாம்.

பந்தல்

நடுகிற அன்றே போட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்துக் கம்பு ஊன்றினால் வேரைக் குத்திவிடும், அப்புறம் வருத்தப்பட்டுப் பயனில்லை.

இந்தக் கொடி ஏழெட்டு அடி சாதாரணமாகப் போகும். நான் செய்திருப்பது எளிய ஏற்பாடு. வரிசையின் இரண்டு முனையிலும் ஏழடிச் சவுக்குக் கம்பு, ஒவ்வொன்றும் மண் நிரப்பிய பழைய பெயின்ட் வாளியில். மேலே குறுக்காக ஒரு மூங்கில். மூங்கிலிலிருந்து செடிக்கு இரண்டு கயிறு கீழே தொங்கும். தண்டு வளர வளர அதைக் கயிற்றில் மெதுவாகச் சுற்றி ஏற்றிக்கொண்டே போக வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை, ஐந்து நிமிஷ வேலை. ஒரு வாரம் விட்டுவிட்டால் தண்டு விறைத்துப்போகும், பிறகு வளைத்தால் பட்டென்று ஒடியும். மாடிக் காற்று பலமாக இருந்தால் குறுக்கு மூங்கிலைக் கைப்பிடிச் சுவர்க் கம்பியோடு இழுத்துக் கட்டிவிடுங்கள். நைலான் கயிறு தண்டை அறுக்கும். தேங்காய்நார்க் கயிறோ, கிழித்த பழைய வேட்டித் துணியோ நல்லது.

செடிக்கு ஏன் இரண்டு கயிறு என்றால், தண்டு இரண்டு மட்டும்தான் வைத்துக்கொள்ளப் போகிறோம். இலைக்காம்பும் தண்டும் சேரும் இடுக்கில் ஒரு துளிர் கிளம்பும். அதை விட்டால் அதுவே ஒரு முழுக் கொடியாகி, அதன் இடுக்கிலும் இன்னொன்று கிளம்பும். என் முதல் வருஷச் செடி பக்கத்து வீட்டுக்குப் போனது இப்படிப் பெருகித்தான். முதல் பூங்கொத்துக்கு நேர் கீழே வருகிற பக்கத்துளிர் ஒன்றை மட்டும் இரண்டாவது தண்டாக வளர விட்டு, மற்றதையெல்லாம் சுண்டுவிரல் நீளத்துக்குள் இருக்கும்போதே கிள்ளிவிடுங்கள். குத்துச்செடி ரகத்துக்கு இந்தக் கிள்ளுதல் கூடாது, அதில் பக்கக் கிளைகளில்தான் விளைச்சலே. இரண்டும் கலந்து வைத்திருப்பவர்கள் பெயர்ப் பலகை வைத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளிய துளிரைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு சாண் நீளம் வளர்ந்த துளிர் ஒன்றை வெட்டி, தம்ளர் தண்ணீரில் நிழலில் வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளையாக வேர் இறங்கும். அப்படியே பைக்கு மாற்றலாம். விதையில் வந்த செடியைவிட இது ஒரு மாதம் முன்னதாகப் பூக்கும். பத்து விதை விலை கொடுத்து வாங்கி, இரண்டுதான் முளைத்தது என்று யாராவது புலம்பினால் நான் சொல்வது இதைத்தான்: இரண்டு போதும்.

தண்ணீரும் சாப்பாடும்

தண்ணீர் காலையில், வேர்ப்பகுதியில் மட்டும். விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். மாசிக்கு மேல் தினமும், பங்குனியில் சில நாள் இரண்டு வேளை. மதிய வெயிலில் இலை தொங்கி, சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் பயப்பட ஒன்றுமில்லை. காலையிலும் தொங்கினால்தான் கவலை.

இரண்டு நாள் காயவிட்டு, மூன்றாம் நாள் குற்ற உணர்ச்சியில் ஒரு வாளி ஊற்றுவது இந்தப் பழத்துக்கு ஆகவே ஆகாது. உள்ளே சதை சட்டென்று உப்பும். தோல் அந்த வேகத்துக்கு விரியாது, வெடிக்கும். காய்ந்த இலை, கரும்புச் சக்கை, தென்னை மட்டைத் தூள், எது கிடைக்கிறதோ அதை மூன்று விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டுவிட்டால் ஈரம் ஒரே சீராக நிற்கும்.

பெரிய காய் ரகங்களில், முக்கியமாக நீளக் காய்களில், அடிப்பக்கம் கறுத்து அழுகுவதும் இந்தத் தண்ணீர்க் கோளாறால்தான் பெரும்பாலும். காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது அது. மண்ணில் சத்து இருந்தாலும் அதை ஏற்றிக்கொண்டு போகத் தண்ணீர் சீராக ஓட வேண்டுமே. முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் மறுநாளே சரியாகிவிடும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். முட்டை ஓடு மக்கக் காலம் பிடிக்கும், அடுத்த போகத்துக்குத்தான் அது உதவும். வாழைப்பழத் தோல் தண்ணீரும் அப்படித்தான். கெடுதல் இல்லை, அதிசயமும் இல்லை. சின்னப் பேரியில் இந்த அடி அழுகல் அபூர்வம்.

உரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் பூங்கொத்து வரும்வரை கலவையில் போட்டதே போதும். அதற்கு முன் கடலைப் புண்ணாக்குக் கரைசலை ஊற்றி ஊற்றிக் கரும்பச்சை இலையோடு மதமதவென்று வளர்த்துவிட்டு, "பூவே வரலீங்க" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பூத்த பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம். இடையில் லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா வடிகட்டித் தெளிப்பு. காய் பிடித்ததும் ஒரு ஸ்பூன் விறகுச் சாம்பல்.

பூ

தக்காளிப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். ஆனால் மகரந்தம் ஒரு குழலுக்குள் மூடி இருப்பதால் அதிர்வு வேண்டும். சாதாரணத் தேனீக்கு இந்தப் பூவை அதிரவைக்கத் தெரியாது. மரத்தைக் குடையும் கருவண்டும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட குட்டித் தேனீயும் பூவைக் கட்டிக்கொண்டு 'ர்ர்ர்' என்று சத்தம் போடும். அதுதான் அந்த அதிர்வு. அவை வராத மாடியில் காலை ஒன்பது, பத்து மணிக்கு மூங்கிலை நாலு தட்டுத் தட்டுங்கள். வெயில் நேராகப் படும்போது பார்த்தால் மஞ்சள் தூசி மெல்லிசாகக் கீழே இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

வியாதி, பூச்சி

எல்லாவற்றையும் எழுதினால் பயந்துபோய் விட்டுவிடுவீர்கள். எங்கள் மாடியில் வருவதை மட்டும் சொல்கிறேன்.

இலைச்சுருட்டை வைரஸ்: நுனி இலைகள் சிறுத்து, மஞ்சளடித்து, கிண்ணம் போல மடங்கி, செடி குட்டையாக நின்றுவிடும். மருந்து இல்லை. பிடுங்கிப் பைக்குள் கட்டிக் குப்பையில் போடுங்கள், பக்கத்துச் செடியாவது பிழைக்கும். ஆனால் பிடுங்கும் முன் ஒரு நிமிஷம். கீழ் இலைகள் மட்டும் நீளவாக்கில் சுருண்டு, தொட்டால் தடிமனாக, நிறம் மாறாமல் இருந்து, நுனித் துளிர் நன்றாக இருந்தால் அது வைரஸ் இல்லை. வெயிலுக்கும் தண்ணீர்க் குறைவுக்கும் செடி தன்னைத்தானே மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல செடி இரண்டை நான் பிடுங்கியிருக்கிறேன். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை, வாரம் ஒருமுறை லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும், இலையின் அடிப்பக்கம் நனைய, வெயில் இறங்கிய பிறகு.

பாக்டீரியா வாடல்: நேற்று வரை தளதளவென்று நின்ற செடி, இலை பச்சையாக இருக்கும்போதே மொத்தமாகத் தொங்கிவிடும். தண்ணீர் ஊற்றினாலும் எழாது. சந்தேகம் இருந்தால் அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் தண்ணீருக்குள் தொங்கும்படி பிடியுங்கள். கை ஆடக் கூடாது. இரண்டு மூன்று நிமிஷத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி ஒரு இழை கீழே இறங்கினால் அதே வியாதிதான். முதல்முறை பார்த்தபோது ஊதுபத்திப் புகை தலைகீழாக இறங்குவது போல இருந்தது எனக்கு. அந்தப் பை மண்ணைத் தக்காளி, கத்திரி, மிளகாய்க்கு மறுபடி தொடாதீர்கள். கத்திரிக்கோலையும் கொதிநீரில் கழுவுங்கள்.

கீழ் இலையில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி வந்தால் இலைக்கருகல். மண்ணிலிருந்து ஓரடி உயரம் வரை இலைகளை எடுத்துவிட்டு, மூடாக்குப் போட்டிருந்தால் பாதி குறையும். காயில் ஓட்டை போடும் பச்சைப் புழுவுக்குப் பக்கத்தில் செண்டுமல்லி இரண்டு வையுங்கள். தாய் அந்துப்பூச்சி அந்தப் பூவைத் தேடிப் போய் முட்டையிடும். இலைக்குள் வெள்ளைத் திட்டாகச் சுரங்கம் போடும் ஊசிப்புழு 2014-ல்தான் இந்தியாவுக்கு வந்த விருந்தாளி. திட்டு விழுந்த இலையைக் கிள்ளி, நசுக்கிப் போடுங்கள். வீட்டு அளவில் அதுவே போதும். பங்குனியில் இலை அடியில் நூலாம்படையோடு சிவப்புச் சிலந்தி வரும். பீய்ச்சித் தண்ணீர் அடித்தால் கட்டுப்படும்.

பறிப்பது

கொத்தின் மேல் பக்கம் முதலில் பழுக்கும். பச்சையிலிருந்து வெளிர் மஞ்சளாகி, பிறகு மாம்பழ மஞ்சளுக்கு வரும்போது பறித்தால் ருசி. முழுதாகப் பழுக்கும் வரை காத்திருந்தால் அணில் உங்களை முந்தும். அணில் தொல்லை உள்ளவர்கள் நிறம் திரும்பத் தொடங்கியதுமே பறித்து, கூடையில் பரப்பி வைத்துவிடலாம். இரண்டு மூன்று நாளில் தானே பழுக்கும். மழை அறிவிப்பு வந்தாலும் இதே வழி. பழுக்காததைப் பிரிட்ஜில் வைத்தால் வாசம் போய்விடும்.

உச்சத்தில் நாள்தோறும் ஒரு கிண்ணம் நிறைய வரும், வீட்டில் தின்று தீராது. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் இந்தச் சின்னப் பேரிகளைச் சர்க்கரைப் பாகில் வேகவைத்து, அத்திப்பழம் மாதிரி உலர்த்தி வைத்திருக்கிறார்கள். நான் செய்வது வற்றல். நீளவாக்கில் இரண்டாகக் கீறி, உப்புப் புரட்டி, மாசி வெயிலில் நாலு நாள் மொட்டைமாடியில், மேலே மெல்லிய துணி கட்டி. வற்றக்குழம்பில் போட்டால் அந்தச் சுமாரான ருசி எங்கே போனதென்றே தெரியாது. உலர்ந்ததில் இனிப்பும் புளிப்பும் சுண்டி ஏறி நிற்கும்.

விதை எடுப்பது

பழங்கள் வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய வேலை இது. நன்றாகக் காய்க்கும் செடியில் ஒரு பூங்கொத்து மொட்டாக இருக்கும்போதே, கல்யாண வீடுகளில் பாக்கு போட்டுத் தருகிறார்களே, அந்த மெல்லிய வலைப்பை ஒன்றை மாட்டிக் கட்டிவிடுங்கள். வண்டு ஏறாது, உருண்டைத் தக்காளி கலக்காது. தினமும் பையோடு சேர்த்துத் தட்டிவிட்டால் காய் பிடிக்கும். பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் கொத்தில் ஒரு கலர் நூல் கட்டுங்கள். வீட்டில் யாரும் பறித்துத் தின்றுவிடாமல் இருக்கச் சொல்லியும் வையுங்கள்.

நன்றாகக் கனிந்ததும் கூழைப் பிதுக்கி ஒரு தம்ளரில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். மேலே வெள்ளையாக ஆடை கட்டி, நாற்றம் வரும். வீட்டில் திட்டும் விழும். விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பு அப்போதுதான் கழலும். அலசி, அடியில் தங்கும் விதையை மட்டும் எடுத்து, பீங்கான் தட்டில் நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பாட்டி சாம்பலில் புரட்டி வைப்பார், அதுவும் நல்ல முறைதான். ரகமும் வருஷமும் எழுதி, இறுக மூடிய பாட்டிலில் வைத்தால் நாலு வருஷம் முளைக்கும்.

சித்திரை பிறந்ததும் பூ உதிரத் தொடங்கும். புதுக் காய் நிற்காது. நுனியைக் கிள்ளிவிட்டால் மிச்சமுள்ள காய் கொஞ்சம் பழுக்கும்; பழுக்காதது தக்காளிக்காய்ச் சட்னிக்கு. பொட்டுக்கடலையும் பச்சைமிளகாயும் வைத்து வதக்கி அரைத்தால் தோசைக்கு நன்றாக இருக்கும். கொடியை வேரோடு எடுத்து, வாடல் நோய் வராத பையென்றால் அதில் ஒரு பிடி உரம் கலந்து கீரையோ காராமணியோ போடுங்கள். தக்காளி அந்தப் பைக்கு மறுபடி வருவது ஒரு வருஷம் கழித்து. சவுக்குக் கம்பையும் மூங்கிலையும் பிரிக்க வேண்டாம், காராமணிக்கு அது அப்படியே ஆகும்.